பனிக்கண்ணாடியில் பெண் பார்த்த கதை

அந்த உடும்புக்கு அன்று காலையிலிருந்தே யாரையும் பிடிக்கவில்லை.

நீர்மருத மரத்தின் வேரில் அது படுத்திருக்கிறது என்பது படகில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வேர் தெரிந்தது. வேருக்குப் பின்னால் நாணல் தெரிந்தது. நாணலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த மீன்கொத்திகூடப் பளிச்சென்று தெரிந்தது. உடும்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பனித்திட்டு. சேலத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த துணிக்கடைக்காரர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றாமலேயே வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பனி கலையவில்லை.

"தொடச்சாப் போகாதுங்க," என்றார் வன இசைவு அலுவலர் அம்பலவாணன். "பனி கண்ணாடியில இல்ல, உடும்பு மனசுல இருக்கு. இன்னிக்கு அதுக்கு யாருக்கும் மூஞ்சி காட்டப் பிடிக்கல."

துணிக்கடைக்காரர் தாம் இவ்வளவு தூரம் வந்ததையும், வழியில் வண்டி மக்கர் செய்ததையும், பிள்ளைகளுக்கு உடும்பு காட்டுவதாக வாக்குக் கொடுத்ததையும் எடுத்துச் சொன்னார். அம்பலவாணன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இதையெல்லாம் உடும்பிடம்தான் சொல்ல வேண்டும், தன்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று சொல்லிப் படகைத் திருப்பினார்.

எந்த உயிரானாலும், தன்னை யாரோ உற்றுப் பார்க்கிறார்கள் என்றால் அதற்குப் பிடரி குறுகுறுக்கும். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். பார்க்கிற ஆளைப் பிடிக்காவிட்டாலும் சரி, அந்த நேரத்தில் பார்க்கப்படுவதே பிடிக்காவிட்டாலும் சரி, அந்தக் குறுகுறுப்பு நரம்புகளில் மிக மெல்லிய ஓர் அதிர்வாகி உடம்பைச் சுற்றிப் பரவுகிறது. இதை முதலில் ஒரு நாரையிடம் கண்டுபிடித்துக் கூச்ச அலை என்று பெயர் வைத்தார்கள். நாரைக்கு மட்டுமல்ல, நண்டுக்கும் அது உண்டு என்று தெரிந்ததும் உலகமே சங்கடப்பட்டுப் போனது. இத்தனை காலமாகத் தொலைநோக்கியும் கேமராவுமாகக் காடு காடாக அலைந்ததெல்லாம் பிறத்தியார் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த கதையாகிவிட்டதே என்று நல்ல மனிதர்கள் நொந்துகொண்டார்கள். சட்டம் வந்தது. எந்தக் காட்டிலும் எந்த உயிரையும் அதன் இசைவு இல்லாமல் பார்க்கக் கூடாது. சட்டத்தோடு கருவியும் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால், சம்மதிக்கிற உயிர் கண்ணுக்குத் தெரியும்; கூச்ச அலை வீசுகிற உயிரை, அது யாருக்குக் கூசுகிறதோ அவர் கண்ணாடி மட்டும் பனி போட்டு மூடிவிடும். அரசாங்கம் அதற்கு இசைவுநோக்கி என்று பெயர் வைத்தது. ஜனங்கள் பனிக்கண்ணாடி என்றார்கள்.

கொள்ளிடத்தில் மணல் அள்ளுவது நின்று, ஆற்றுக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அணைக்கரைக்குக் கிழக்கே வெள்ளம் பரவுகிற பூமியெல்லாம் காடாகிவிட்டது. ஐப்பசியில் மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும். வடிந்தால் நாணலும் புங்கமும் முளைக்கும். அந்தக் காட்டு ஜீவராசிகளின் குணம் முழுக்க அம்பலவாணனுக்கு அத்துப்படி. முதலைக்கு வெட்கம் என்பதே கிடையாது, எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீர்நாய்க் கூட்டத்துக்குத் தங்களைப் பார்க்காவிட்டால்தான் கோபம் வரும். மயில், தோகை இருக்கும்வரை எல்லோருக்கும் தரிசனம் தரும். தோகை உதிர்ந்துவிட்டால் மறுபடி முளைக்கிறவரை வெறும் பனிதான். புனுகுப்பூனையை அவரே ஓரிரு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை.

இந்தச் சட்டத்தை அவர் உத்தியோகத்துக்காக மட்டும் கடைப்பிடிக்கவில்லை, விரதமாகவே கடைப்பிடித்தார். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும்போதுகூட, கண் எடுத்துப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பார். வீட்டுப் பூனை சாப்பிடும்போது திரும்பி உட்கார்ந்துகொள்வார். தமிழ்நாட்டுப் பனிக்கண்ணாடிகள் அத்தனையிலும் எச்சரிக்கை சொல்லும் குரல் அவருடையதுதான். பனியை விடாமல் வெறித்துப் பார்த்தால் காதோரம் அது கனிவாகச் சொல்லும்: "அன்புடையீர், இந்த உயிர் தங்களுக்குக் காட்சி தர விரும்பவில்லை. தயவுசெய்து பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள்."

அப்பேர்ப்பட்டவர் அன்று பிற்பகல், தன் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகவிருந்தார். இதில் ஏதோ இடிக்கிறதே என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நமக்குத் தோன்றுகிறது என்றால், அது நாம் கரையில் நிற்பதால்தான்.

மகள் பெயர் ஆதிரை. வெள்ளக்காட்டு ஆய்வு நிலையத்தில் வேலை. தண்ணீர் ஏறும்போது எந்த மரம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, எது விட்டுவிடுகிறது என்று பார்க்கிற படிப்பு. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வந்த வரன்களெல்லாம் பெங்களூர், டொரோண்டோ, நிலாவில் சுரங்கம் என்று எங்கெங்கோ இருக்க, அம்பலவாணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார். கும்பகோணத்து வரன் வந்ததும் நொட்டை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பையன் நித்திலன், கால்நடை மருத்துவர். அணைக்கரையில் பஸ் ஏறினால் காபி ஆறுவதற்குள் கும்பகோணம். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் தூக்கில் ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாம். அவருக்கு ஒரே மகள். அவள் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. இந்தச் சம்பந்தம் கை நழுவினால் அடுத்தது எந்தக் கண்டத்திலிருந்து வருமோ என்ற பயம் அவரைச் சாப்பிடவிடாமல் பண்ணியிருந்தது.

ஆதிரையிடம் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்ப்பா," என்றாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு அவர் மேற்கொண்டு வேலை பார்த்தார்.

படகில் வைத்துப் பார்க்கலாம் என்பது பையனின் அம்மா வசந்தகோகிலம் சொன்ன யோசனை. வீட்டில் உட்கார வைத்துப் பார்ப்பது காட்டுமிராண்டித்தனம், கோயிலில் வைத்துப் பார்க்கலாமென்றால் அங்கே ஏற்கெனவே நாலு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே சும்மா காட்டைப் பார்க்க வந்த மாதிரி வந்து, போகிற போக்கில் பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று அவள் போனில் சொன்னாள். அம்பலவாணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அலுவலகத்தின் புது மின்படகைக் கேட்டு வாங்கிக் கழுவித் துடைத்தார்.

கழுவித் துடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியைச் சும்மா எப்படி எடுப்பது? படகின் நடுவில் கண்ணாடிகளையெல்லாம் இயக்குகிற பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு கண்கள். ஒன்று கூச்ச அலையை வாங்குவது. மற்றொன்றுக்கு ஆளறிவி என்று பெயர். படகில் இருப்பவர்கள் மனிதர்கள், இவர்களுக்குப் பனி போட வேண்டாம் என்று அடையாளம் வைத்துக்கொள்வது அதன் வேலை. ஆரம்பத்தில் ஆளறிவி கிடையாது. அந்தக் காலத்தில் ஜோடி ஜோடியாகப் படகேறிய கணவன்மார்களுக்குப் பாதி வழியில் மனைவியைக் காணாமல் போய்ப் பல குடும்பங்களில் ரகளையாகி, பிறகுதான் மனிதருக்கு விலக்கு அளித்தார்கள். அம்பலவாணன் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பெட்டிக்கு எங்கே பொட்டு வைப்பது என்று பார்த்தார். உச்சியில் வட்டமாக, சற்றே குழிந்து, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி ஓர் இடம் இருந்தது. சந்தனத்தைக் குழைத்துக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். ஆளறிவியின் கண் அதோடு மூடிக்கொண்டது.

படகு துறையை விட்டு நகர்ந்தது. முன்பக்கம் ஆதிரை, பக்கத்தில் அவள் அம்மா மங்கை. எதிரே நித்திலன், அவன் அப்பா தட்சிணாமூர்த்தி, அம்மா வசந்தகோகிலம். பின்னால் சுக்கானில் அம்பலவாணன். காட்டு எல்லை வந்ததும் எல்லோரும் பனிக்கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். நடுவில் யார் கழற்றினாலும் படகு தானே நின்று, ஊளையிட்டு, துறைக்குத் திரும்பிவிடும். கழற்றியவர் பெயர் துறையில் பலகையில் ஒரு மாதத்துக்குத் தொங்கும். தட்சிணாமூர்த்தி மிரண்டுபோய்க் கண்ணாடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முதலில் முதலை வந்தது. வழக்கம்போல் மணல்திட்டில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைவாய்ப் பல்வரை காட்டியது. எல்லோரும் திருப்தியாகப் பார்த்தார்கள். மரியாதைக்கு இவ்வளவு போதும் என்று தீர்மானித்த வசந்தகோகிலம், வந்த காரியத்தைக் கவனிக்கலாமென்று மெல்லப் பார்வையைத் திருப்பினாள்.

பெண் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பனி உட்கார்ந்திருந்தது.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பனிக்குப் பக்கத்தில் மங்கை வாயெல்லாம் பல்லாக நன்றாகத் தெரிந்தாள். இந்தச் சமயம் பார்த்து மங்கை, "ஆதிரை, கேசரி எடுத்துக் குடும்மா," என்றாள். பனி எழுந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு தட்டு மட்டும் வெளிப்பட்டு, ஆள் இல்லாமல் காற்றில் மிதந்து வந்து வசந்தகோகிலத்தின் மூக்குக்கு நேரே நின்றது. அவள் கேசரியை எடுத்துக்கொண்டு பனியை வெறித்தாள். காதோரம் குரல் வந்தது: "அன்புடையீர், இந்த உயிர் தங்களுக்குக் காட்சி தர விரும்பவில்லை."

சொல்வது பெண்ணின் அப்பா. குரலில் அத்தனை கனிவு.

வசந்தகோகிலம் உதவிக்குக் கணவனைப் பார்த்தாள். தட்சிணாமூர்த்தியும் அதே நேரம் அவளைப் பார்த்தார். அவளுடைய அப்போதைய மனநிலையில் அவளும் அவருக்குப் பனியாகத்தான் தெரிந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அது அவருக்குப் பெரிய வித்தியாசமாகப் படவில்லை. அவர் கேசரியைச் சாப்பிட்டார்.

பனி என்றால் என்னவென்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பாடத்தில் இருக்கிறது. ஆகவே விளக்கம் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தினாள்.

"என்ன சார் இது? உங்க பொண்ணுக்கு எங்களைப் பிடிக்கலன்னா போன்லயே சொல்லியிருக்கலாம்ல? கும்மோணத்துலேர்ந்து கூட்டியாந்து பனியைக் காட்டுறீங்க?"

கரையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த அம்பலவாணனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பெட்டியைப் பார்த்தார். பெட்டி, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாய்ந்து போய்த் துண்டால் துடைத்தார். துடைத்தும் பிரயோசனமில்லை. படகு புறப்படும்போது ஆளறிவி ஒருமுறைதான் ஆட்களைப் பதிவு செய்துகொள்ளும். துறைக்குத் திரும்புகிறவரை அதை யாரும் மாற்ற முடியாது. நடுவழியில் யாரும் பெட்டியில் கைவைத்து ஏமாற்றிவிடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. அதைச் சிபாரிசு செய்து மேலிடத்துக்கு எழுதியவரும் அவர்தான்.

பொம்பளைப் பிள்ளை, வெட்கம் இருக்காதா, அதுதான் இப்படி என்று அவர் சமாளித்துப் பார்த்தார். வெட்கம் வேறு, கூச்ச அலை வேறு என்று இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லி ஊர் ஊராகப் பேசியவர், வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டையும் ஒன்றாக்கினார். முகத்தில் அசடு வழிந்தது.

அவரைக் காப்பாற்றியது மங்கைதான். இவ்வளவு நேரமும் மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் தேடித் தேடிக் களைத்துப்போயிருந்த அவள், பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எங்க பொண்ணை மட்டும் சொல்றீங்களே. உங்க பையன் கண்ணாடி மாட்டினதுலேர்ந்து எனக்குத் தெரியவே இல்லீங்க. நானும் மரியாதைக்குப் பேசாம இருக்கேன்."

எல்லோரும் நித்திலனைப் பார்த்தார்கள். தட்சிணாமூர்த்திக்கும் வசந்தகோகிலத்துக்கும் நடுவில், பெற்ற இருவருக்கும்கூடத் தெரியாமல், இன்னொரு பனி உட்கார்ந்திருந்தது. வசந்தகோகிலத்தின் முகம் சுண்டிப்போனது. பெண்ணுக்குப் பிடிக்காததைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தன் பிள்ளை தன் கண்ணுக்கே மறைவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அப்போது முன்பக்கத்துப் பனி சிரித்தது. ஆதிரை வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது என்பது அம்பலவாணனுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் உறைத்தது. நாம ரெண்டு பேரும் அந்த ஓரமா உட்கார்ந்து கொஞ்சம் பேசலாமா என்று அவள் நித்திலனைக் கேட்டாள். பனி ஒன்று எழுந்து இன்னொரு பனியின் பின்னால் போய்ப் படகின் முனையில் உட்கார்ந்தது.

சற்று நேரம் அங்கே பேச்சுச் சத்தம் தணிவாகக் கேட்டது. பிறகு நித்திலனின் குரல், "இப்ப நீங்க நல்லாத் தெரியுறீங்க," என்றது. "எனக்கும்தான்," என்றது ஆதிரையின் குரல். ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்டார்கள். மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை. போதாக்குறைக்கு இரண்டு பனியும் கலந்து ஒன்றாகி, இது எங்கே முடிகிறது, அது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாமல் போயிற்று. எவ்வளவு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதாவது தெரிந்தால் தேவலை என்று வசந்தகோகிலம் முணுமுணுத்தாள். நான்கு பெரியவர்களும் கண் கொட்டாமல் அந்தப் பனியையே பார்த்தார்கள். நான்கு பேர் காதிலும் அம்பலவாணன் பார்வையைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். அம்பலவாணன் காதில் சொன்னதும் அம்பலவாணன்தான்.

திருப்பிக்கொள்ளாமல் பார்த்தால் படகு வேகத்தைக் குறைக்கும். குறைத்தது. இன்னும் பார்த்தால் ஊளையிடும். பெண் பார்க்கப் போன படகு ஊளையிட்டுக்கொண்டு துறைக்குத் திரும்பினால் ஊரில் தலை காட்ட முடியாது. அவர் உத்தியோகக் குரலில் உத்தரவிட்டார். தயவுசெய்து எல்லோரும் இடதுகரைப் பக்கம் திரும்பி உட்காருங்கள்.

பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் படகுமுனைக்கு முதுகைக் காட்டி வரிசையாகக் கரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கரையில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வந்து நின்றிருந்தது. குட்டிகளை முன்னால் விட்டு, பெரியவை பின்னால் நிமிர்ந்து நின்று, படகில் உட்கார்ந்திருந்தவர்களை ஆற அமரப் பார்த்தன. அவை பனிக்கண்ணாடி எதுவும் போட்டிருக்கவில்லை. யாருக்கும் கூச்சமாக இருக்கிறதா என்று கேட்கவுமில்லை. வசந்தகோகிலம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அம்பலவாணனுக்கு மனது கரையில் நிற்கவில்லை. வசந்தகோகிலத்துக்குப் பெண் தெரியவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தனக்கு ஏன் தெரியவில்லை? அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடாமலே, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அந்த முகம் அவரிடமிருந்து எதையோ மூடி வைத்திருக்கிறது. பொட்டு வைக்காமல் வந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் கொண்டு போயிருப்பார்.

நித்திலன் எழுந்து வந்து தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லத் தொடங்கினான். அம்பலவாணன் படகைத் தானியங்கியில் விட்டுவிட்டு முன்பக்கம் போனார். கூடு கட்டியிருக்கிற பறவையின் பக்கத்தில் எப்படி உட்காருவாரோ, அப்படி மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்னம்மா விஷயம்?" என்றார் ஆற்றைப் பார்த்து.

முதுகுப் பக்கமிருந்து ஆதிரை பேசினாள். பிரேசிலில், அமேசான் நதியின் வெள்ளக்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே இடுப்பளவு ஏறுகிற தண்ணீர் அங்கே பனைமரம் உயரத்துக்கு ஏறுமாம். மரக்கிளைகளுக்கு நடுவே மீன் நீந்திப் பழம் தின்னுமாம். அந்தக் காட்டுக்கும் பனிக்கண்ணாடி கொண்டுவரப் போகிறார்கள்; ஆற்று ஓங்கில்களின், அதாவது டால்பின்களின், கூச்ச அலையை அளக்க ஆள் வேண்டும் என்றபோது, கொள்ளிடத்துக் காட்டில் வளர்ந்தவள் என்று இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஐந்து வருஷம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பொங்கல் கழிந்ததும் கிளம்ப வேண்டும்.

"நித்திலனுக்கு ஒரு பொண்ணை ஏற்கெனவே பிடிச்சிருக்காம்ப்பா. அம்மாகிட்டச் சொல்லப் பயம். இப்பதான் தைரியம் சொல்லி அனுப்பிச்சேன்."

பின்னால் வசந்தகோகிலத்தின் குரல் ஒருமுறை உயர்ந்து, பிறகு அடங்கியது. அவளுக்குப் பிள்ளை தெரிய ஆரம்பித்துவிட்டானோ என்னவோ.

"எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் அம்பலவாணன். "நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"சொல்ல மாட்டீங்க. அதுதான் கஷ்டம். 'உன் இஷ்டம்மா'ன்னு சொல்லிட்டு, சாப்பாட்டைப் பாதில வச்சுட்டு, கொல்லைப்பக்கம் போய் நின்னுக்குவீங்க. அதை என்னால பார்க்க முடியாதுப்பா."

அவர் வாயில் அந்த வார்த்தைதான் வந்து நின்றிருந்தது. விழுங்கிக்கொண்டார். ஒரு பூனை சாப்பிடுகிறபோது திரும்பி உட்கார்ந்தவர், நாரை சம்மதிக்கவில்லை என்று கலெக்டரையே திருப்பி அனுப்பியவர், சொந்தப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு 'உங்க இஷ்டம்' வந்ததும் பெரிய அனுமதி கிடைத்த மாதிரி அவளை ஜோடித்து, கேசரித் தட்டைக் கையில் கொடுத்துப் படகேற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை என்பதும் இப்போது தெரிந்தது.

படகு இரண்டு மருத மரங்களுக்கு நடுவே திரும்பித் துறைப்பக்கம் பார்த்தது.

"போயிட்டு வாம்மா," என்றார். "இஷ்டம் கிஷ்டம்னு நான் சொல்லல. நான் சொல்றேன், போயிட்டு வா. அந்த ஓங்கிலுங்க பாவம், இத்தனை நாளா யார் யாரோ பார்த்துட்டுப் போயிருப்பாங்க. நீ போய்க் கேட்டுப் பாரு. நல்ல வேலை அது."

சொல்லி முடித்ததும் அவர் சட்டமெல்லாம் மறந்து திரும்பிப் பார்த்துவிட்டார்.

பனி இல்லை. ஆதிரை தெரிந்தாள். வாரிவிட்ட தலை காற்றில் கலைந்து, மல்லிகைச் சரம் ஒரு பக்கமாகச் சரிந்து, காலையில் அவசரமாக வைத்த பொட்டு கொஞ்சம் கோணலாக, முழுசாக, தெளிவாகத் தெரிந்தாள். மூக்கின் பக்கத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு தெரிந்தது. அவள் அவரைப் பார்க்க விட்டிருந்தாள். ஐந்து வருஷத்துக்குப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமே என்று அம்பலவாணன் கண்ணெடுக்காமல் பார்த்தார். காதோரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆதிரையும் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது. புருவத்தைச் சுளித்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடுகிறவள்போலப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "உங்களைக் காணோம்ப்பா."

அவர் கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்ற முடியாது, படகு ஊளையிடும். ஆதிரை அந்தப் பனியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, கை நீட்டித் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.